மழையை அளந்த வரலாறு

நேற்றிரவு மழை எவ்வளவு பெய்தது என்று வினவினால், கொட்டோ கொட்டென்று கொட்டியது என்போம். உழவராயின், ஓர் உழவு மழை என்பார். பஞ்சாங்கமோ ஆண்டுத் தொடக்கத்திலேயே இத்தனை மரக்கால் மழையென்று கூறிவிடும்; பெய்யுமுன்னரே அளந்துவிடும் துணிவு அதற்கு உண்டு! பெய்தபின் பாத்திரம் வைத்து அளக்கும் வழக்கமும் நம் நாட்டில் மிகப் பழையதே. களஞ்சியத்தில் ஒரு முழ அகலம் வாயுள்ள குண்டமொன்றை மழையளவியாக வைக்கவேண்டுமென அர்த்தசாஸ்திரம் விதிக்கின்றது. வறண்ட நாட்டிற்கு 16 துரோணம், நீர்வளமுடைய நாட்டிற்கு அதனினும் பாதி மிகுதி, அவந்திக்கு 23 துரோணம் என்று அந்நூல் இடந்தோறும் வெவ்வேறு அளவு கூறுவது கருதத்தக்கது. ஓரிடத்து மழை மற்றோரிடத்து மழையன்று என்பதை அது உணர்ந்திருந்தது. மழைக்கேற்பவே வித்து விதைக்கச் சொல்லிற்று.

1864-இல் கல்கத்தாவைப் புயல் தாக்கியது. 1866-இல் ஒரிசாவைப் பஞ்சம் வாட்டியது. இவற்றின் பின்னர், 1875-இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை நிறுவப்பெற்றது. அத்துறை நெடுங்காலம் கையாண்ட மழைமானி, இங்கிலாந்தைச் சேர்ந்த சைமன்ஸ் என்பாரின் பெயரால் வழங்குவது. 127 மில்லிமீட்டர் விட்டமுள்ள வாய், அதன்கீழ்ப் புனல், புனலின்கீழ்ப் புட்டி, அளப்பதற்கொரு கண்ணாடிக் குவளை, அவ்வளவே கருவி. காலை எட்டரை மணிக்கு அளந்து எழுதுவது முறை. சைமன்ஸின் பெருமை கருவியில் மட்டும் இல்லை. 1860-ஆம் ஆண்டுக்கு 168 இடங்களின் கணக்கைத் தொகுத்து வெளியிட்ட அவர், 1900-இல் மறைவதற்குள் அத்தொகையை மூவாயிரத்துக்கு மேல் உயர்த்தினார். அளந்து அனுப்பியோர் பெரும்பாலும் ஊதியம் பெறாத இல்லத்தாரே. ஆடவரும் பெண்டிரும், எல்லாத் தரத்தினரும், அவருள் இருந்தனர்.

இத்தனை மானிகள் எதற்கு என்று ஐயுறுவோர்க்கு மும்பை மாநகரம் விடை கூறும். 2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் காலை எட்டரை மணி முதல் மறுநாள் காலை எட்டரை வரை, சாந்தாக்ரூஸ் நிலையத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர் நீர். ஆகவே ஒரு சிறு கட்டில் அளவுள்ள இடத்திலும் ஆயிரம் லிட்டருக்கு மேல் விழுந்தது. அதே நாளில், தெற்கே இருபது கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த தொலைவிலுள்ள கொலாபா நிலையம் காட்டியது 73 மில்லிமீட்டரே. இன்றைய வகைப்பாட்டின்படி கொலாபாவில் பெய்தது ‘கனமழை’. சாந்தாக்ரூஸில் பெய்ததோ, 204.5 மில்லிமீட்டரில் தொடங்கும் ‘அதீத கனமழை’யின் எல்லையைப்போல் நான்கு மடங்குக்கு மேற்பட்டது. தென்கோடியில் இருந்தோர் வழக்கமான பருவமழையென்று எண்ணியிருக்க, வடபகுதியில் வீடுகளும் வண்டிகளும் மூழ்கின. அவ்வெள்ளத்திலும் நிலச்சரிவுகளிலும் மகாராஷ்டிரத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். இரண்டு மானிகளும் பொய் சொல்லவில்லை. அவற்றிற்கு இடைப்பட்ட நிலத்துக்காகப் பேசும் மானிகளே போதவில்லை.

பின்னர் மாநகராட்சி நகரின் பல பகுதிகளில் தானியங்கி மழைமானிகளை நிறுவியது. இவற்றுட் பல, இருபுறமும் மாறிமாறிச் சாயும் சிறு வாளிகளை உடையவை. ஓர் அறை நிரம்பியதும் சாய்ந்து கொட்டிவிட, மற்றோர் அறை புனலின்கீழ் வந்துவிடும். ஒவ்வொரு சாய்வும் மின்குறியாய்ப் பதிவாகும். இரவில் எழுந்து பார்க்கவேண்டியதில்லை. எந்த மணியில் எவ்வளவு பெய்தது என்பதும் தெரியும். வெள்ள எச்சரிக்கைக்கு இதுவே உயிர்நாடி. எனினும் பெருமழையில் இதற்கொரு குறையுண்டு. 0.2 மில்லிமீட்டருக்கொரு முறை சாயும் வாளி, மணிக்கு 100 மில்லிமீட்டர் மழையில் ஏழு விநாடிக்கொரு முறை சாய்கின்றது. சாயும் அந்தக் கணத்தில் விழும் நீரிற் சிறிது கணக்கில் ஏறாமற்போகும். மழை வலுக்குந்தோறும் குறைவும் வளரும். இலையும் தூசியும் புனலை அடைத்தால் கேட்கவே வேண்டாம். ஆதலின் தானியங்கியின் அருகே எளிய புட்டிமானி ஒன்றையும் வைத்து ஒப்பிடுதல் அறிவுடைமையாகும். நேரத்தை முன்னதிலும் மொத்தத்தைப் பின்னதிலும் நம்பலாம்.

இல்லத்தில் அளக்க விரும்புவோர், மதிலோ மரமோ எவ்வளவு உயரமோ அதன் இருமடங்கு தொலைவில் மானியை வைப்பது நன்று. மொட்டைமாடி ஏற்றதன்று; காற்று துளிகளை வாயைக் கடந்து கொண்டுபோய்விடும். பெருமழை நாளில் எட்டரை மணிக்காகக் காத்திராமல், புட்டி நிரம்புமுன் இடையிடையே அளந்து, எழுதி, கொட்டிவிட்டு, இறுதியில் கூட்டிக்கொள்ளவேண்டும். நாம் உறங்கும்போது புட்டி வழிந்துவிட்டதெனில், நிரம்பிய அளவை எழுதி, ‘இதற்கு மேல்’ என்று பக்கத்திற் குறித்தல் வேண்டும்.