துப்பாக்கிக்கு மார்க் போட்டவர்கள்

துப்பாக்கிக்குன்னு தனியா பத்திரிகை வருதுங்கறது நம்மில் பல பேருக்குப் புதுச் செய்தியா இருக்கும். நம்ம ஊர்ல சினிமாவுக்கு, ஜோசியத்துக்கு, சமையலுக்கு வர்ற மாதிரி அமெரிக்காவில் துப்பாக்கிக்கு மாதாமாதம் வழவழ தாளில் வருது. 'கன்ஸ் அண்ட் அம்மோ' 1958-ல் ஆரம்பிச்சது. புது மாடல் வந்தா நாலு பக்க விமர்சனம் இருக்கும். கொஞ்சம் புரட்டினா அதே கம்பெனியோட முழுப்பக்க விளம்பரமும் இருக்கும். படத்துக்குப் பக்கம் பக்கமா விளம்பரம் வாங்கிட்டு விமர்சனமும் எழுதுறவங்க யாராவது உங்க ஞாபகத்துக்கு வந்தா அதுக்கு நான் பொறுப்பில்லை :-)

சரி, அரவேணுவில உக்காந்துக்கிட்டு தேயிலை விலையைப் பத்தி எழுதாம இது எதுக்குன்னு கேப்பீங்க. காரணம் இருக்கு. இங்கேயிருந்து கோத்தகிரி, குன்னூர் தாண்டிப் போனா அருவங்காடு. தோட்டாவைத் தள்ளிவிடுற மருந்து செய்யறதுக்காக 1903-ல் வெள்ளைக்காரன் ஆரம்பிச்ச கார்டைட் ஃபேக்டரி இன்னைக்கும் அங்கே ஓடுது. அதுக்கும் முன்னாடியே இந்த மலை துப்பாக்கிக்காரங்க மலைதான். 1819-ல் சல்லிவன் கோத்தகிரிப் பக்கம் வந்து வீடு கட்டினதுக்கு அப்புறம், துரைமார்களும் பட்டாள அதிகாரிகளும் வரிசையா வந்தாங்க. சோலைக்குள்ள கடமான், புலி, பாறை மேல வரையாடுன்னு சுட்டுத் தள்ளினாங்க. 1878-ல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டப்படி இந்தியனுக்கு லைசென்ஸ் வேணும், ஐரோப்பியனுக்கு வேணாம். ஆக, துப்பாக்கி விமர்சனம் படிக்க வேண்டிய தேவை அவங்களுக்குத்தான் இருந்தது. ஆனா சுடுற நேரத்துல அது மக்கர் பண்ணினா, கையில ஒண்ணுமே இல்லாம சோலைக்குள்ள முன்னாடி நடந்து போன நம்மாளுக்குத்தான் முதல்ல ஆபத்து. இதை மறக்காம மேல படிங்க.

அந்தக் காலத்து துரைமார்களோட பத்திரிகை லண்டன்ல இருந்து வந்த 'தி ஃபீல்ட்'. 1857-ல் அதுக்கு ஆசிரியரா வந்தவர் ஜான் ஹென்றி வால்ஷ். தொழிலால டாக்டர். வேட்டையில ஒரு தடவை துப்பாக்கி கையிலேயே வெடிச்சு, இடது கையில ஒரு பகுதியை இழந்தவர். துப்பாக்கி நல்லதா கெட்டதாங்கற கேள்வி அவருக்கு வெறும் பத்திரிகை வேலையா மட்டும் இருந்திருக்காதுன்னு நினைக்கறேன்.

அப்போ பெரிய சண்டை என்னன்னா, குழல் வாய் வழியா மருந்து திணிக்கிற பழைய துப்பாக்கி உசத்தியா, பின்பக்கம் திறந்து தோட்டா போடுற புதுசு உசத்தியாங்கறது. துப்பாக்கி செய்யறவங்க எல்லாம் அவங்கவங்க சரக்கைப் புகழ்ந்து கடிதம் எழுதிக்கிட்டு இருந்தாங்க. வால்ஷ் என்ன பண்ணினார்னா, எல்லாரும் எடுத்துக்கிட்டு வாங்க, எல்லார் முன்னாடியும் சுட்டுப் பார்த்துடலாம்னு கூப்பிட்டார். 1858-ல் ஒண்ணு, 1859-ல் ஒண்ணுன்னு போட்டி நடந்தது. முதல் தடவை பழைய வகை கொஞ்சம் முன்னே நின்னுச்சு. மறு வருஷமே புதுசு கிட்டத்தட்ட எட்டிப் பிடிச்சிடுச்சு. கணக்கு பத்திரிகையில அச்சாச்சு. இன்னைக்கு நாம 'ப்ராடக்ட் ரிவ்யூ'ங்கறோமே, அதுக்கு இந்த வால்ஷை ஒரு பாட்டனார்னு சொன்னா தப்பில்லை.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச கட்டம் 1874 கடைசியில வருது. பர்மிங்காம்ல டபிள்யூ. டபிள்யூ. கிரீனர்னு ஒரு துப்பாக்கிக்காரர். குழலோட நுனியைக் கொஞ்சம் குறுக்கினா ரவை சிதறாம நெருக்கமா போகும்னு ஒரு வழி கண்டுபிடிச்சார். 'சோக்'னு பேரு. 40 கஜத் தூரத்துல 30 அங்குல வட்டத்துக்குள்ள சராசரியா 210 ரவை விழும்னு உத்தரவாதம் குடுத்து ஃபீல்டிலேயே விளம்பரம் போட்டார். அதுவரைக்கும் நல்ல துப்பாக்கிக்கே 127 தாண்டாதுன்னும் அவரே சொல்றார். படிச்சவங்க நம்பலை, கடிதப் போர் நடந்தது. இந்த இடத்துல விளம்பரதாரர் மனசு நோகுமேன்னு பத்திரிகை சும்மா இருந்திருக்கலாம். இருக்கலை. தன் ஆளை பர்மிங்காமுக்கே அனுப்பிச் சுட்டுப் பார்த்தது. சராசரி 214 வந்தது. 1875-ல் பொதுப் போட்டி வெச்சாங்க, அதுலயும் கிரீனர் ஜெயிச்சார்.

விளம்பரத்துல சொன்னதை அதே பத்திரிகை சோதிச்சுப் பார்த்து, ஆமாம் நிஜம்தான்னு சொன்ன கதை இது. ஒரு சின்ன நெருடல் மட்டும் உண்டு. இந்த 127, 210, 214 எல்லாம் நமக்கு விலாவாரியாக் கிடைக்கறது கிரீனரே 1881-ல் எழுதின புத்தகத்துல இருந்து. ஜெயிச்சவன் எழுதின வரலாறு. அந்தப் புத்தகமும் ஒரு வகையில விளம்பரம்தானே!

அடுத்தது 1883. ஃபீல்ட் ரைஃபிளுக்குப் போட்டி வெச்சது. மொத்தம் பத்து பிரிவு. பத்துலயும் ஜெயிச்சது ஹாலந்து அண்ட் ஹாலந்து. அதுக்கப்புறம் அந்தக் கம்பெனி, லண்டன் ஃபீல்ட் போட்டிகள் எல்லாத்துலயும் ஜெயிச்சவங்கன்னு துப்பாக்கி உடம்பு மேலேயே பொறிச்சு வித்தது. 1874-ல் விளம்பரம் முன்னாடி போக, விமர்சனம் பின்னாடி வந்து சரிபார்த்தது. 1883-ல் விமர்சனமே விளம்பரம் ஆயிடுச்சு. இதுல பொய் ஒண்ணும் இல்லை, நிஜமாவே ஜெயிச்சவங்கதான். ஆனா இதைப் பார்த்த மத்த கம்பெனிக்காரன் என்ன நினைப்பான்? நல்ல விமர்சனம்னா காசு, கெட்ட விமர்சனம்னா நஷ்டம், அப்போ விமர்சனம் எழுதுற இடத்துல நமக்கு ஒரு பிடி இருக்கணும்னுதான் நினைப்பான்.

இப்போ அமெரிக்காவுக்குத் தாவறேன், ஏன்னா அந்தப் பிடி நல்லா இறுகினது அங்கேதான். எல்லாரும் நினைக்கற மாதிரி யாரும் கவர்ல பணம் வெச்சு, நல்லா எழுதுன்னு சொல்ல வேண்டியதில்லை. சோதனைக்குத் துப்பாக்கியை அனுப்பறது கம்பெனி. அது பொறுக்கி எடுத்து அனுப்பினதா, கடையில கிடைக்கறதே தானான்னு வாசகனுக்குத் தெரியாது. மோசமா இருந்தா விமர்சனமே வராம போயிடலாம். கெட்டதுன்னு எழுதாம விட்டாப் போதும், பொய் சொன்னதாகாது. பத்திரிகையில வர்றது எல்லாம் நல்ல மார்க்கா இருக்கறதுக்கு இந்த ஒரு வடிகட்டியே போதும். இதுக்கு மாற்றா 'கன் டெஸ்ட்ஸ்'னு ஒரு பத்திரிகை விளம்பரமே வாங்காம, பள்ளிக்கூடம் மாதிரி ஏ-யில இருந்து எஃப் வரைக்கும் கிரேடு போடுது. எஃப் போட முடியறதே அதோட சொத்து. ஆனா அந்தச் செலவு முழுக்க சந்தா கட்டுறவன் தலையில.

விளம்பரதாரர் கை எவ்வளவு நீளம்னு வெளிப்படையாத் தெரிஞ்சது ரெண்டு தடவை. ரெண்டுமே விமர்சனத்துக்காக இல்லை, கருத்துக்காக. 2007 பிப்ரவரியில, 'அவுட்டோர் லைஃப்' பத்திரிகையோட வேட்டைப் பகுதி ஆசிரியர் ஜிம் ஜம்போ, பட்டாளத்துத் துப்பாக்கி மாதிரி இருக்கற ஏ.ஆர். வகை ரைஃபிள் வேட்டைக்குத் தேவையில்லைன்னு கடுமையான வார்த்தையில எழுதினார். வாசகர்கள் கொந்தளிச்சாங்க. சில நாள்லயே ரெமிங்டன் அவரைக் கைகழுவிடுச்சு. பத்திரிகை வேலையும் டி.வி. நிகழ்ச்சியும் போச்சு. 2013 டிசம்பர் இதழ்ல, 'கன்ஸ் அண்ட் அம்மோ'வுல டிக் மெட்காஃப் ஒரு பத்தி எழுதினார். துப்பாக்கியை மறைச்சு எடுத்துக்கிட்டுப் போக இல்லினாய் மாநிலம் 16 மணி நேரப் பயிற்சி கேக்குது, அது உரிமையைப் பறிக்கறதாகாதுங்கறதுதான் விஷயம். ஆசிரியர் வாசகர்கள்கிட்ட மன்னிப்பு கேட்டார், மெட்காஃப் வெளியே. ரெண்டு பெரிய துப்பாக்கிக் கம்பெனிகள் இனி உங்களோட வியாபாரம் இல்லைன்னு நிர்வாகத்துக்குச் சொல்லிட்டதா பிற்பாடு மெட்காஃப் தெரிவிச்சார்.

வாசகர் கோபமும் இதுல நிஜம், அதை மறைக்கக் கூடாது. ஆனா இத்தனை வருஷம் எழுதின ஆளுக்கே ஒரு பத்திக்கு இந்த கதின்னா, நாளைக்கு 'இந்த மாடல் மூணு தடவை சிக்கிக்கிச்சு'ன்னு எழுத வேண்டிய சின்னப் பையன் பேனாவை எடுக்கறதுக்கு முன்னாடி யோசிப்பானா மாட்டானா?

இங்கேதான் எனக்கு நம்ம ஊட்டி ஞாபகம் வருது. 1870-கள்ல 'ஹாக்-ஐ'ங்கற புனைபெயர்ல ஒரு பட்டாள அதிகாரி ஊட்டிப் பத்திரிகைக்குக் கடிதங்கள் எழுதினார். அது 1876-ல் புத்தகமாவும் வந்தது. அவரே பெரிய வேட்டைக்காரர்தான். ஆனா இப்படியே கண்மண் தெரியாம சுட்டா மலையில ஒண்ணும் மிஞ்சாது, கட்டுப்பாடு வேணும்னு அவர் கத்தினார். 1877-ல் ஊட்டியில வேட்டை விலங்குகளைக் காக்க ஒரு சங்கம் வந்தது. 1879-ல் நீலகிரிக்குன்னே தனிச் சட்டம் வந்தது. லண்டன்ல வட்டத்துக்குள்ள விழுந்த ரவையை எண்ணிக்கிட்டு இருந்த அதே வருஷங்கள்ல, இவ்வளவு நல்லாச் சுட்டா சுடறதுக்கு என்ன மிஞ்சும்னு கேட்டது துப்பாக்கி விக்காத மலைப் பத்திரிகை!

ஹாக்-ஐ சொன்னது மிருகத்தைப் பத்தி, மெட்காஃப் சொன்னது லைசென்ஸைப் பத்தி. ரெண்டும் ஒண்ணு இல்லை. ஆனா ரெண்டு பேரும் துப்பாக்கியை நேசிச்சவங்க, ரெண்டு பேரும் கேட்டது ஒரு எல்லை. ஒருத்தர் பேச்சுக்குப் பின்னாடி சட்டம் வந்தது. இன்னொருத்தருக்கு வேலை போச்சு. விளம்பரம் விமர்சனத்தைக் கெடுக்குதான்னு கேட்டா என் பதில் இதுதான்: அது மார்க்கைத் திருத்தறது கம்மி. கேள்வித்தாளைத் தயார் பண்றதுல கை வெக்கறதுதான் ஜாஸ்தி. வட்டத்துக்குள்ள எத்தனை ரவைங்கற கேள்விக்கு விடை சரியாவே வரும். எந்தக் கேள்வி கேக்கப்படவே இல்லைங்கறது வாசகனுக்குத் தெரியவே தெரியாது.

அப்போ விளம்பரமே இல்லாட்டி எல்லாம் சரியாயிடுமா? நம்ம நாட்டையே பாருங்க. பல வருஷமா ரிவால்வர்னா அரசாங்க ஆர்டனன்ஸ் ஃபேக்டரி செய்யறதுதான். போட்டி கம்மி, பெருசா விளம்பரம் இல்லை, அதனால விமர்சனமும் இல்லை. 2014 ஜனவரியில கான்பூர்ல பெண்களுக்குன்னு சொல்லி 'நிர்பீக்' ரிவால்வர் விட்டாங்க. எடை 500 கிராம், விலை 1,22,360 ரூபாய். என் கண்ணில் பட்ட செய்திகள்ல எடையும் விலையும் கைப்பைக்குள்ள அடங்குதாங்கறதும் இருந்தது. எத்தனை அடியில குறி தப்பாதுன்னு சுட்டுப் பார்த்து எழுதினதை நான் பார்க்கலை. விளம்பரக் காசு வாங்காமலேயே விளம்பரம் போட முடியும்னு அன்னைக்குப் புரிஞ்சுது.

ஆக, விளம்பரம் இல்லாட்டி மட்டும் போதாது. அந்த இடத்துல வேற யாராவது காசு குடுக்கணும். காந்தி இதை ரொம்ப முன்னாடியே புரிஞ்சுக்கிட்டார். 1903-ல் டர்பன்ல 'இந்தியன் ஒப்பீனியன்' ஆரம்பிச்சப்போ அதுல தமிழ்ப் பகுதியும் இருந்தது, விளம்பரமும் இருந்தது. பிற்பாடு விளம்பரமே வேண்டாம்னு முடிவு பண்ணிட்டார். அதோட அர்த்தம், இனிமே இதை நடத்த வேண்டியது வாசகன்தாங்கறது. அஞ்சு ரூபாய்க்குப் பத்திரிகை வேணும், வழவழன்னு வேணும், நேர்மையாவும் வேணும்னா மிச்சக் காசை யார் போடறான்னு நாமதான் கேக்கணும்.

கொசுறு: நாமளும் சும்மா இல்லை, இலவசமா வந்த போனுக்கும் ஓசியில தின்ன பிரியாணிக்கும் மார்க் போடறவங்கதானே! இணையத்துல காசோ பொருளோ வாங்கிட்டு எழுதினா 'விளம்பரம்'னு குறிப்பிடணும்னு இந்திய விளம்பரத் தர நிர்ணய கவுன்சில் 2021-ல் விதி போட்டிருக்கு. ஆக, அடுத்த விமர்சனம் எழுதும்போது, பொருள் எப்படி வந்ததுன்னு முதல் வரியிலயே ஒரு வார்த்தை சொல்லிடுங்க மக்களே. வால்ஷுக்கு அது ஒரு கை விவகாரம். சோலைக்குள்ள முன்னாடி நடந்தவனுக்கு உயிர் விவகாரம். நமக்கு ஒரு வரிதான்.