இம்யூனோகுளோபுலின் அளவுகள்

இம்யூனோகுளோபுலின்கள் இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள் புரதங்கள். பிளாஸ்மா செல்கள் இவற்றைச் சுரக்கின்றன. ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம், ஐஜிடி, ஐஜிஈ என ஐந்து வகை உண்டு. நோயெதிர்ப்புக் குறைபாடு, மைலோமா போன்றவற்றை ஆராய முதல் மூன்றையும் சீரத்தில் அளப்பது வழக்கம்.

வளர்ந்தவர்களுக்கு ஐஜிஜி டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 700 முதல் 1600 மில்லிகிராம், ஐஜிஏ 70 முதல் 400, ஐஜிஎம் 40 முதல் 230 வரை இருக்கும். ஐஜிஈ மிகச் சொற்பம். மில்லிலிட்டருக்கு 100 சர்வதேச அலகுக்குள் இருந்தால் பொதுவாக இயல்பு எனலாம். கருவியும் வினைப்பொருளும் மாறினால் எல்லைகளும் சற்று நகரும். நலமாக இருப்போரில் நடுப்பகுதி 95 விழுக்காட்டினரின் அளவுகளே எல்லையாக வகுக்கப்படுவதால், நோயற்றவர்களிலும் நூற்றுக்கு ஐந்து பேர் அதற்கு வெளியே நிற்பார்கள். ஐஜிஜி 680 என்று வந்ததுமே நோய் என்று முடிவுகட்டக் கூடாது.

வயதைப் பார்க்காமல் குழந்தையின் அறிக்கையைப் படிப்பது பெரும் பிழை. தாயின் ஐஜிஜி நஞ்சுக்கொடி வழியாகச் சிசுவுக்கு வந்துசேர்வதால், நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு அது பெரியவர்களின் அளவை ஒட்டியே இருக்கும். பிறகு அது கரைந்து, மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் அடிமட்டத்துக்கு வரும். ஐந்து மாதக் குழந்தைக்கு 300 மில்லிகிராம் இயல்பே; பெரியவர்களின் எல்லையை அதன் பக்கத்தில் அச்சிட்டால் பெற்றோர் வீணாகக் கலங்குவார்கள். ஐஜிஎம் நஞ்சுக்கொடியைக் கடப்பதில்லை. ஆகவே தொப்புள்கொடி இரத்தத்தில் அது கூடியிருந்தால் கருப்பையிலேயே தொற்று நேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். ஐஜிஏ மெதுவாகவே ஏறும். நான்கு வயதைத் தாண்டியபின் 7 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்து, மற்ற இரண்டும் சரியாக இருந்தால்தான் ஐஜிஏ குறைபாடு எனப்படும்.

ஓர் எண் நம்பத்தக்கதா என்பதை அதே அறிக்கையிலேயே சோதிக்கலாம். மொத்தப் புரதம் 7 கிராம், ஆல்புமின் 4 கிராம் என்றால் மீதி 3 கிராம், அதாவது 3000 மில்லிகிராம், குளோபுலின். மூன்று வகையும் சேர்ந்து இதற்குள் அடங்க வேண்டும். ஐஜிஜி மட்டுமே 4000 என்றிருந்தால் எங்கோ தவறு. நலமான ஒருவருக்கு ‘ஐஜிஜி 12’ என்று வந்தால் முதலில் அலகைப் பார்க்க வேண்டும்: லிட்டருக்கு 12 கிராம் என்பது டெசிலிட்டருக்கு 1200 மில்லிகிராம். ஆனால் உண்மையிலேயே அடிமட்டமாக இருப்பதும் உண்டு. காமா குளோபுலினே இல்லாத எட்டு வயதுச் சிறுவனைப் பற்றி ஆக்டன் புரூட்டன் 1952-இல் எழுதினார்.

ஒளிச்சிதறலை அளக்கும் நெஃபலோமெட்ரி முறையில் வேறொரு சிக்கல் உண்டு. மைலோமாவில் புரதம் மிதமிஞ்சிப் போனால் எதிர்வினை சரியாக நடக்காமல், அளவு பொய்யாகக் குறைந்து தெரியும். சந்தேகம் வந்தால் மாதிரியை நீர்க்கச் செய்து மறுபடி ஓட்ட வேண்டும்.