பஞ்சத்தை எதிர்த்து நின்ற பின்னல் ஊசி

பேரரசர்களின் படையெடுப்புகளையும் முடிசூட்டு விழாக்களையும் ஏட்டில் ஏற்றிய வரலாறு, வீட்டுத் திண்ணையில் அமர்ந்து நூலும் ஊசியுமாய்க் காலம் கழித்த பெண்மக்களைப் பெரும்பாலும் மறந்துவிட்டது. ஒரு வீட்டில் குழந்தை பிறந்தது என்ற செய்தி வந்ததும் உற்றாரும் தோழியரும் முதலில் தேடுவது எதனை? ஒரு சிறு குல்லாய், ஒரு சோடிக் காலுறை, நெஞ்சை மூடும் ஒரு சின்னஞ்சிறு மேற்சட்டை. கையால் பின்னிய அந்த ஹதியாவின் பின்னே ஒரு நெடிய வரலாறு உண்டு. அதில் கண்ணீரும் கலந்திருக்கிறது.

நூலை வளையமாக்கி, வளையத்துள் வளையம் நுழைத்து ஆடை செய்யும் கலையில் இருவகை உண்டு. இரண்டு ஊசிகளால் பின்னுவது ஒன்று. முனை வளைந்த ஒற்றை ஊசியால் பின்னுவது மற்றொன்று. முன்னது மிகப் பழமையானது. அதன் தொன்மைச் சான்றுகளுள் தலையாயவை முஸ்லிம்கள் ஆண்ட எகிப்திலிருந்தே கிடைத்துள்ளன. ஏறத்தாழ கி.பி. 11 முதல் 14ஆம் நூற்றாண்டு வரையிலான பருத்திக் காலுறைகள், வெண்மையும் நீலமும் கலந்த கோலங்களுடன், இன்றும் மேலைநாட்டு அருங்காட்சியகங்களில் காக்கப்படுகின்றன. ஆங்கிலத்தில் பருத்தியைக் குறிக்கும் ‘காட்டன்’ என்ற சொல்லே அரபு மொழியின் ‘குத்ன்’ என்பதிலிருந்து பிறந்தது என்பது ஈண்டு நினைவுகூரத் தக்கது.

ஸ்பெயின் நாட்டின் பர்கோஸ் நகரையொட்டி லாஸ் உவெல்காஸ் என்னும் கன்னியர் மடம் உள்ளது. அங்கே 1275இல் மறைந்த காஸ்டீலிய இளவரசர் பெர்னாந்தோ தெ லா செர்தாவின் கல்லறையிலிருந்து பட்டு நூலால் பின்னிய தலையணை உறையொன்று எடுக்கப்பட்டது. கிறித்தவ இளவரசரின் தலையைத் தாங்கிய அவ்வுறையின் ஓரத்தில் கூஃபி எழுத்தில் பின்னப்பட்டிருந்த சொல் எது தெரியுமா? நம் வீடுகளில் நாள்தோறும் வழங்கும் ‘பரக்கத்’ என்னும் சொல்தான்! அதைப் பின்னியவர் முஸ்லிம் கைவினைஞர் என்றே ஆய்வாளர் கருதுகின்றனர். போர்க்களத்தில் எதிரெதிரே நின்ற இரு சமுதாயங்களை ஒரு நூலிழை இணைத்திருந்தது!

ஒற்றை ஊசிப் பின்னலோ இவ்வளவு பழமையுடையதன்று. ‘குரோஷே’ என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குச் சிறு கொக்கி என்பது பொருள். நம் ஊர்ப் பெண்கள் அதனைக் ‘குரோஷா’ என்பர். அதற்கான செய்முறைகள் அச்சில் வந்தது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். 1823இல் ‘பெனலோப்’ என்னும் டச்சு இதழ் அவற்றை வெளியிட்டது. லண்டனில் வாழ்ந்த ரீகோ தெ லா பிராஞ்சார்தியேர் என்னும் பெண்மணி 1840களிலிருந்து பின்னல் நூல்கள் பலவற்றை எழுதி வெளியிட்டார். அதுவரை தாய் மகளுக்கும், தோழி தோழிக்கும் அருகிருந்து கற்பித்த கலை, கண்காணாத ஊரில் இருப்பவரும் படித்துக் கற்கும் கலையாயிற்று.

அந்நாளில்தான் அயர்லாந்தை அந்தப் பேரிடர் தாக்கியது. அந்நாட்டு ஏழைகள் உருளைக்கிழங்கு ஒன்றையே உண்டு வாழ்ந்தனர். 1845இல் கிழங்குச் செடிகளைப் பூசண நோய் பற்றியது. வயல்கள் ஓரிரு வாரத்தில் அழுகி நாறின. 1847ஆம் ஆண்டை அம்மக்கள் இன்றும் ‘கரிய ஆண்டு’ என்றே சொல்வர். 1841இல் ஏறத்தாழ 82 இலட்சமாக இருந்த மக்கள்தொகை 1851இல் 65 இலட்சமாகச் சுருங்கியது. சுமார் பத்து இலட்சம் பேர் பசியாலும் நோயாலும் மாண்டனர்; அதே அளவினர் கப்பலேறிக் கடல் கடந்தனர். கொடுமை என்னவெனில், மக்கள் பட்டினியால் மடிந்த அந்த ஆண்டுகளிலும் அந்நாட்டுத் துறைமுகங்களிலிருந்து தானியமும் கால்நடைகளும் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாகிக்கொண்டுதான் இருந்தன.

இத்துயரைக் கேட்டு உதவியவர் பலர். துருக்கியப் பேரரசர் சுல்தான் அப்துல் மஜீத் 1847இல் ஆயிரம் பவுன் அனுப்பிவைத்தார். அயர்லாந்துப் பெருமக்கள் கையொப்பமிட்டு அவருக்கு நன்றி மடல் வரைந்தனர். எனினும் நன்கொடை எத்தனை நாள் அடுப்பை எரிய வைக்கும்? உழைத்து உண்ண ஒரு வழி வேண்டுமன்றோ? அவ்வழியை மகளிர் கைக்குக் கொடுத்தது கொக்கி ஊசி.

கார்க் நகரையடுத்த பிளாக்ராக்கில் உர்சுலைன் கன்னியர் இப்பின்னலை ஏழைச் சிறுமியருக்குக் கற்பித்தனர். மானகன் மாவட்டத்துக் குளோனிஸ் ஊரில், பங்குப் போதகரின் துணைவியாரான கசாண்ட்ரா ஹாண்ட் 1847இல் வெளியூரிலிருந்து ஆசிரியை ஒருவரை வரவழைத்துப் பயிற்சி தொடங்கினார். வெனிஸ் நகரத்து விலையுயர்ந்த ஊசிச் சரிகையைப் போலவே தோன்றும் ஒன்றை, அதனினும் மிகக் குறைந்த காலத்தில் கொக்கியால் செய்ய முடியும் என்று கண்டதே இம்முயற்சியின் உயிர்நாடி.

அதற்குப் பெரிய முதலீடும் தேவைப்படவில்லை. தையல் ஊசியின் காதை உடைத்து, மீந்த முனையைக் கொக்கியாக்கி, ஒரு மரத்துண்டில் செருகினால் கருவி ஆயத்தம். ரோசாவும் திராட்சைக் குலையும் மூவிலைக் கொத்தும் தனித்தனியே பின்னப்பட்டன. பின்னர், கோலம் வரைந்த துணியின்மேல் அவற்றைத் தைத்து நிறுத்தி, இடைவெளிகளைச் சிறு முடிச்சுகள் கொண்ட வலையால் நிரப்பினர். இந்த வேலைப் பிரிவினையால் ஒரு குடும்பம் ஒரு பூவை மட்டும் செய்தாலும் பிழைக்க முடிந்தது. தம் குடும்பத்துப் பூவின் நுட்பத்தைப் பிறர் காணாவண்ணம் மறைத்துக்கொண்டோரும் உண்டு. அது அவர்களுடைய அரிசிப் பானை அல்லவா!

அப்பெண்கள் பின்னிய கழுத்துப் பட்டைகளும் குழந்தைக் குல்லாய்களும் செல்வர் இல்லங்களை அடைந்தன. எங்கோ பிறந்த சீமான் வீட்டுக் குழந்தையின் தலையை அலங்கரித்த பின்னலுக்குள், பாலின்றி அழுத மற்றொரு குழந்தையின் தாய் சிந்திய வியர்வை இருந்தது. ஆனால் அந்த ஊதியமே பல குடும்பங்களின் வாடகையாகவும், இன்னும் சிலருக்கு அமெரிக்காவுக்கான கப்பற் சீட்டாகவும் ஆயிற்று.

நம் மண்ணிலும் இத்தகைய வரலாறு உண்டு. அன்றைய திருவிதாங்கூரைச் சேர்ந்த நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் 1821இல் பெண்களுக்குச் சரிகைப் பின்னல் கற்பித்தார். அது கொக்கி ஊசியால் செய்வதன்று. திண்டின்மேல் நூற்கட்டைகளைக் கொண்டு முறுக்கிப் பின்னுவது. அந்த ஊதியத்தைச் சேர்த்து அடிமைப் பெண்கள் சிலர் தம் விடுதலையை விலைகொடுத்து வாங்கினர். திருவிதாங்கூர் அரசு அடிமைமுறையை ஒழித்ததோ 1855இல்தான்! அரசாணை வருமுன்பே நூலிழை சிலருடைய விலங்கை அறுத்துவிட்டது.

எனினும் ஊசி எங்கும் விடுதலையையே தந்தது என்று மகிழ்ந்து நின்றுவிட இயலாது. ஆந்திரத்தில் கோதாவரிக் கரையிலுள்ள நரசாபுரம் குரோஷாச் சரிகைக்குப் பெயர்பெற்றது. அவ்வூர்ப் பெண்களைப் பற்றி மரியா மீஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் ஆய்ந்து எழுதிய நூல் 1982இல் வெளிவந்தது. நாளெல்லாம் பின்னியும் அப்பெண்கள் பெற்றது, சட்டம் வகுத்த குறைந்த அளவுக் கூலியினும் மிகக் குறைவே என அவர் கண்டார். காரணம் யாது? அவர்கள் ‘தொழிலாளர்’ என்று கருதப்படவில்லை. வீட்டிலிருக்கும் பெண்கள் ஓய்வு நேரத்தைப் போக்கச் செய்யும் வேலை என்றே வணிகர் கூறினர், ஊராரும் அவ்வாறே நம்பினர், அப்பெண்களும் நம்பினர். அவர்கள் பின்னிய சரிகையோ கடல் கடந்து வெளிநாட்டுக் கடைகளில் விலைபோயிற்று.

சிந்திப்போர்க்கு இங்கே ஓர் உண்மை புலப்படும். ஆலைகளில் ஓடும் இயந்திரங்கள் இரண்டூசிப் பின்னலை எளிதாகச் செய்துவிடுகின்றன. சரிகையின் சாயலையும் செய்கின்றன. ஆனால் கடைக்கு வரும் உண்மையான கொக்கிப் பின்னல் இன்றளவும் மனிதக் கையாலேயே ஆகிறது. ஆகவே கடையில் குரோஷாத் தொப்பியோ குழந்தைச் சட்டையோ மிக மலிவாகக் கிடைக்கிறதென்றால், அங்கே மலிந்தது நூலின் விலை மட்டுமன்று. யாரோ ஒரு பெண்ணின் நேரம் மலிந்திருக்கிறது.

நம் இல்லங்களில் பாட்டிமாரும் சாச்சிமாரும் தொப்பி பின்னுவதையும், பேறுகாலம் நெருங்கிய மகளுக்காகக் குல்லாய் பின்னுவதையும் ‘பொழுதுபோக்கு’ என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடுகிறோம். அன்பளிப்பாகச் செய்யும்போது அதற்கு விலை கேட்பாரில்லை. விலை கேட்பது அழகுமன்று. ஆனால் விலையில்லாதது வேறு, மதிப்பில்லாதது வேறு. அதே கை பிழைப்புக்காகப் பின்னும்போது, உழைத்தவருடைய கூலியில் பேரம் பேசுவது நமக்குத் தகாது. ஒவ்வொரு கண்ணியாய் எண்ணிப் பின்னிய அம்மையாரின் நேரத்தையும் எண்ணிப் பார்த்துக் கொடுப்பதே நீதி.

அடுத்த முறை உங்கள் வீட்டுப் பச்சிளங் குழந்தைக்கு அத்தகைய குல்லாய் ஒன்று வந்தால், அதைப் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். குழந்தைக்கு அணிவியுங்கள். அந்தப் பிள்ளை வளர்ந்து கேட்கும் வயது வந்ததும், அதைப் பின்னியவர் இன்னார் என்று பெயர் சொல்லிக் காட்டுங்கள்.