மர்பி டவுன் சில்லறையில் வள்ளுவர்

பதினோரு பக்கம், ஆறு கிராம் எடை, 26 மில்லிமீட்டர் அகலம். ஒரு புறம் அசோகர் தூணின் சிங்கங்கள், கூடவே இரண்டு ரூபாய் என்ற மதிப்பு. மறுபுறம் தாடியும் கொண்டையுமாகத் திருவள்ளுவர். அவரைச் சுற்றி எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டின் பெயர் இந்தியிலும் ஆங்கிலத்திலும், 1995 என்ற ஆண்டோடு. பெங்களூரில் அல்சூரை ஒட்டிய மர்பி டவுன் மாதிரித் தமிழ்ப் பேச்சு புழங்கும் பேட்டையில், காய்கறி வாங்கிய மிச்சச் சில்லறையில் இந்தக் காசு வந்து விழுந்தாலும் பலர் கவனிப்பதில்லை. இரண்டு ரூபாய் சரியாக இருக்கிறதா என்று பார்த்துப் பையில் போட்டுக்கொள்வதோடு சரி.

இந்தக் காசு பிறந்ததற்குக் காரணம் தஞ்சாவூர். 1966இல் கோலாலம்பூரில் தொடங்கிய உலகத் தமிழ் மாநாடு சென்னை, பாரிஸ், யாழ்ப்பாணம், மதுரை என்று சுற்றி, எட்டாவது முறையாக 1995 ஜனவரியில் தஞ்சையில் கூடியது. ஜெயலலிதா அப்போது முதல்வர். அதையொட்டி மத்திய அரசு வள்ளுவர் உருவம் போட்ட காசுகளை அடித்தது. நினைவு நாணயம் என்றாலே பட்டுத் துணி விரித்த பெட்டியில் வரும் வெள்ளிக் காசுதான் பலருக்கும் நினைவு வரும். இது அந்த ஜாதி அல்ல. அப்போது ஊரெங்கும் புழங்கிய, இந்திய வரைபடம் போட்ட இரண்டு ரூபாய்க்கும் இதற்கும் ஒரே வடிவம், ஒரே எடை, ஒரே உலோகம். முக்கால் பங்கு செம்பு, கால் பங்கு நிக்கல். கண்ணாடிப் பேழைக்குள் வைக்க அல்ல, கடையில் கொடுத்து வாங்கத்தான் அடித்தார்கள்.

நாணயச் சாலையிலிருந்து காசு நேராக மக்கள் கைக்கு வந்துவிடாது. ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து மற்ற வங்கிகளின் பெட்டகத்துக்கு மூட்டையாக இறங்கி, பிறகுதான் கடைக்காரர் கல்லாவுக்கு வரும். பெங்களூரில் ரிசர்வ் வங்கி இருப்பது நிருபதுங்கா சாலையில். அதற்கப்புறம் காசை ஊர் சுற்றவைப்பவர்கள் பஸ் கண்டக்டர்கள். சில்லறை இல்லாவிட்டால் டிக்கெட்டின் முதுகில் பாக்கியைப் பேனாவால் கிறுக்கிக் கொடுப்பதும், இறங்கும் நேரத்தில் பயணி “கண்டக்டர் சார், என் பாக்கி?” என்று கை நீட்டுவதும் பெங்களூர் பஸ்ஸில் அன்றாடக் காட்சி. அப்படிக் கைமாறும் காசு பூக்காரம்மாவின் சுருக்குப் பைக்கும், கோயில் உண்டியலுக்கும், பெட்டிக்கடையின் பிளாஸ்டிக் டப்பாவுக்கும் போய்வந்துகொண்டே இருக்கும்.

இந்தக் காசின் கதை மற்ற ஊர்களைவிட இந்தப் பக்கத்தில் சுவையாவதற்குக் காரணம் அல்சூர் ஏரி. அதன் அருகே 1991இல் வள்ளுவருக்கு ஒரு சிலை வைத்தார்கள். கன்னட அமைப்புகள் எதிர்த்தன. காவிரிப் பிரச்சினை கொதித்துக்கொண்டிருந்த வருடம் அது. அந்த டிசம்பரில் பெங்களூரில் கலவரமே நடந்தது. சிலை திறக்கப்படாமல் மூடியபடியே பதினெட்டு வருடம் நின்றது. 2009 ஆகஸ்ட் 9 அன்றுதான், எடியூரப்பா கர்நாடக முதல்வராக இருந்தபோது, கருணாநிதி வந்து அதைத் திறந்துவைத்தார். அதற்கு ஈடாக, நாலு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வஞ்ஞரின் சிலை திறக்கப்பட்டது.

சிலை மூடிக் கிடந்த அந்த வருடங்களில்தான் இரண்டு ரூபாய் வள்ளுவர் நகரத்துக்குள் நடமாடினார். தமிழர் கொடுத்தார், கன்னடர் வாங்கினார், உருதுக்காரர் மீதியாகத் திருப்பித் தந்தார். யாரும் எதிர்க்கவில்லை, யாரும் மாலையும் போடவில்லை. அரசியலுக்குச் சிலை தேவைப்படுகிறது. சில்லறையை அது கண்டுகொள்வதில்லை.

ஆனால் காசுக்கும் ஆயுள் உண்டு. செம்பும் நிக்கலும் விலை ஏற ஏற, அதில் இரண்டு ரூபாய் அடிப்பது கட்டுப்படியாகவில்லை. 2000களின் நடுவில் இரண்டு ரூபாய் துருப்பிடிக்காத எஃகுக்கு மாறியது. பதினோரு பக்கம் போய் வட்டமும் ஆனது. இந்தியச் சில்லறை எல்லை தாண்டி வங்கதேசத்தில் சவர பிளேடாக மாறுகிறது என்று 2007இல் செய்திகள் வந்தன. காசை உருக்குவதும் உடைப்பதும் 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டப்படி குற்றம். இப்போதோ கல்லா முன்னால் கியூஆர் அட்டை தொங்குகிறது. “ஸ்கேன் பண்ணிடுங்க சார்” என்று சொல்லிவிட்டால் சில்லறைக்கே வேலை இல்லை. 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாதவை ஆகிவிட்டன. வள்ளுவர் காசு அப்படியல்ல. இன்றும் செல்லும்.

தேடிப் பார்க்க ஆசையா? ஒரு சின்னக் காந்தம் போதும். எஃகுக் காசு ஒட்டிக்கொள்ளும். பழைய செம்பு நிக்கல் காசு ஒட்டாது. ஒட்டாததைத் தனியே எடுத்து இரண்டு புறமும் பாருங்கள். வள்ளுவர் கிடைக்காவிட்டாலும் நேதாஜி, அரவிந்தர், சிவாஜி, துக்காராம், ரயில்வேயின் 150ஆம் ஆண்டு என்று அதே அளவில் வேறு நினைவுக் காசுகள் கிடைக்கலாம். ஆண்டுக்குக் கீழே இருக்கும் குறி, காசின் பிறந்த ஊரைச் சொல்லும். வைர வடிவம் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா. குறியே இல்லாவிட்டால் கொல்கத்தா.

கிடைத்ததைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்த்துப் பளபளப்பாக்கிய காசைச் சேகரிப்பவர்கள் விரும்புவதில்லை. லட்சக்கணக்கில் விலை தருகிறோம் என்று செல்போனில் வரும் விளம்பரங்களையும் நம்பாதீர்கள். ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லிப் பழைய காசு விற்க முன்பணமும் கமிஷனும் கேட்பவர்கள் மோசடிக்காரர்கள் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது. கைபட்டுத் தேய்ந்த வள்ளுவர் காசுக்குச் சந்தையில் பெரிய விலை கிடையாது. பிள்ளைகளிடம் காட்டி, தஞ்சாவூர் மாநாட்டையும் அல்சூர் சிலையையும் சேர்த்துச் சொல்ல ஒரு காசை எடுத்து வையுங்கள். இரண்டாவது கிடைத்தால் கடையில் கொடுத்துவிடுங்கள், அது புழங்கட்டும்.