இரண்டு சிறைகள்

செக் விமானி யோசெப் பிரிக்ஸின் வாழ்க்கையை நாவலாக எழுத எனக்குத் துணிவில்லை. "முடிவு மிகை, ஸார்!" என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

1939 மார்ச் 15-ல் ஹிட்லரின் படை பிராக் நகரில் புகுந்தது. பறக்கத் தெரிந்த செக் வாலிபர்கள் பலர் எல்லை தாண்டி ஓடினார்கள். பிரான்சும் விழுந்தபின் இங்கிலாந்து சேர்ந்தார்கள். அந்நாட்டு ஆகாயப்படையில் அவர்கள் சுமார் 2,500 பேர்.

பிரிக்ஸின் விமானம் 1941 ஜூனில் பிரான்சுக்கு மேலே சுடப்பட்டது. செக்காரர் என்று தெரிந்தால் ஊரிலுள்ள உறவினருக்கு ஆபத்து. எனவே 'ரிக்ஸ்' என்ற ஆங்கிலேயராகிவிட்டார். தமிழில் எழுதினால் ஓரெழுத்துத்தான் குறைகிறது! முகாம்களிலிருந்து திரும்பத் திரும்பத் தப்பினார். 1943-ல் மலம் அள்ளும் வண்டித் தொட்டிக்குள் ஒளிந்து வெளியேறி, வார்சா வரையில் போய்விட்டார். மறுபடி பிடிபட்டார். 1945-ல்தான் விடுதலை.

ஆங்கிலேய மனைவியோடு தாய்நாடு திரும்பினார். 1948 பிப்ரவரியில் ஆட்சி கம்யூனிஸ்டுகள் கைக்குப் போயிற்று. மேல்நாட்டாரோடு சேர்ந்து போரிட்டவர் என்பதே சந்தேகத்துக்குப் போதுமானதாக இருந்தது. அவ்வருஷமே கைது, பின்னர் பத்து வருஷத் தண்டனை. மனைவியும் சிறு பெண்ணும் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள். அவர் யாச்சிமோவ் யுரேனியச் சுரங்க முகாமுக்குப் போனார். 1957 ஆகஸ்டில் அங்கேயே மாரடைப்பு. வயது 41.