பெட்ரோலில் கலந்த நஞ்சு

மோட்டார் வண்டி தோன்றிய நாள்தொட்டு, அதன் எண்ணெயில் எதையேனும் கலந்து பார்க்கும் ஆசை மனிதரை விட்டகன்றதில்லை. அந்துருண்டை போட்டால் வேகம் மிகும் என்பார் இன்றும் உளர். அதனால் வண்டி கெடின், நட்டம் வண்டிக்காரருக்கே. ஆனால், உலக முழுவதற்கும் கலந்து விற்கப்பட்ட பொருள் ஒன்றுண்டு. அதன் வரலாற்றைத் தொழிலாளத் தோழர்கள் அறிதல் நலம்.

எஞ்சினுள் பெட்ரோல் ஆவி சீராக எரியாது தானே வெடிப்பின், தட்டுவது போன்ற ஓசை எழும், வலிமை குன்றும். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிச் சாலையில் தாமஸ் மிட்ஜ்லி என்பார் பல பொருள்களைச் சோதித்து, ஈயங் கலந்ததொரு திரவம் இவ்வோசையை அடக்குமென 1921 டிசம்பரில் கண்டார். சாராயமும் அதனை அடக்கும் என்பதை அவர் அறிவார். எனினும், சாராயம் எவரும் வடிக்கத்தக்கது. ஈயத் திரவமோ தனியுரிமைப் பொருள். 1923இல் அது ‘எதில்’ என்னும் பெயருடன் கடைக்கு வந்தது. ஈயம் என்ற சொல் அப்பெயரில் இல்லை.

1924 அக்டோபரில் நியூ ஜெர்சியிலுள்ள பேவே ஆலையில் அதனைச் செய்த தொழிலாளர் சித்தங் கலங்கினர். 5 பேர் மாண்டனர். 30க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். அம்மாத இறுதியில் மிட்ஜ்லி பத்திரிகையாளர் முன்னிலையில் அத்திரவத்தைக் கையில் ஊற்றி, ஆவியையும் முகர்ந்து, தீங்கில்லையெனக் காட்டினார். அவரோ முந்திய ஆண்டு ஈய நஞ்சினால் ஓய்வெடுத்தவர்!

1925 மே மாதம் விற்பனை நிறுத்தப்பட்டது. வாஷிங்டனில் கூடிய மாநாட்டில் ஆலிஸ் ஹாமில்டன் அம்மையார் கடுமையாக எச்சரித்தார். பின்னர் அமைந்த குழு 252 பேரைச் சோதித்து, தடை செய்யப் போதிய காரணமில்லை, ஆயினும் ஆராய்ச்சி தொடர வேண்டும் என்றது. 1926இல் விற்பனை மீண்டது. ஆராய்ச்சியோ நெடுங்காலம் விற்பவர் பணத்திலேயே நடந்தது.

1965இல் கிளேர் பாட்டர்சன் என்னும் அறிஞர், மக்கள் உடலில் ஈயம் இயற்கையளவினும் பன்மடங்கு ஏறியிருப்பதை எடுத்துரைத்தார். குழந்தைகளின் அறிவு வளர்ச்சியை அது குன்றச் செய்வதும் பின்னர்த் தெளிவாயிற்று. சிங்கப்பூர் 1998இல் அதனைக் கைவிட்டது. மோட்டார் வண்டிகளுக்கு அதை விற்ற கடைசி நாடாகிய அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது. பேவேயில் ஐவர் மாண்டு 97 ஆண்டுகள் கழிந்த பின்னரே உலகம் விழித்தது!

தோழர்களே! புதுப்பொருள் எதுவாயினும், தீங்கற்றது என்பவர் யார், அதனால் பொருளீட்டுபவர் யார் என்று வினவுங்கள். அதனைக் கையாளும் தொழிலாளியின் உடல் உரைக்கும் சான்றை முதலிற் கேளுங்கள்.