பீட்டர் மிட்செல்

பீட்டர் டெனிஸ் மிட்செல் (செப்டம்பர் 29, 1920 – ஏப்ரல் 10, 1992) ஓர் ஆங்கிலேய உயிர்வேதியியலாளர் ஆவார். இழைமணி (மைட்டோகாண்ட்ரியா) ஏடிபி மூலக்கூறை உருவாக்கும் முறையை விளக்கும் வேதிச்சவ்வூடுபரவல் கோட்பாட்டிற்காக 1978 ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார்.

தொடக்க கால ஆய்வு

1942 இல் கேம்பிரிட்ச் பல்கலைக்கழக உயிர்வேதியியல் துறையில் ஜே. எஃப். டானியெல்லி இவருக்கு ஆய்வுப் பணி அளித்தார். இவர் முதலில் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு ஏற்கப்படவில்லை. பெனிசிலின் செயற்படும் முறை பற்றிய ஆய்வுக்காக 1951 இல் பட்டம் பெற்றார். இக்காலத்தில் மூத்த அறிவியலாளர் டேவிட் கெய்லின் இவரை ஊக்குவித்தார். 1955 இல் மைக்கேல் சுவானின் அழைப்பை ஏற்று, எடின்பரோ பல்கலைக்கழக விலங்கியல் துறையில் தனி ஆய்வுப் பிரிவொன்றை நிறுவினார்.

கோட்பாடு

ஏடிபி உருவாக ஆற்றல் மிகுந்த இடைநிலைச் சேர்மம் ஒன்று தேவை என அப்போது கருதப்பட்டது. ஆனால் அச்சேர்மத்தை எவராலும் பிரித்தெடுக்க இயலவில்லை. சுவாசத்தில் வெளிப்படும் ஆற்றல் புரோத்தன்களை இழைமணியின் உட்சவ்விற்கு வெளியே தள்ளுகிறது என்றும், அவை திரும்பப் பாயும்போது ஏடிபி உருவாகிறது என்றும் மிட்செல் 1961 இல் முன்மொழிந்தார். தொடக்கத்தில் பலர் இதனை ஏற்கவில்லை.

கிளின் ஆய்வகம்

வயிற்றுப்புண் காரணமாக 1963 இல் பதவி விலகிய மிட்செல், கார்ன்வாலில் உள்ள கிளின் மாளிகையைப் புதுப்பித்து, ஜெனிபர் மோயிலுடன் இணைந்து ஆய்வு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அதற்கான ஏறத்தாழ 2,50,000 பவுண்டு நிதியை இவரும் இவருடைய அண்ணன் கிறிஸ்டோபரும் வழங்கினர். அங்கு இருவரும் நடத்திய சோதனைகள் கோட்பாட்டிற்கு வலுச் சேர்த்தன.

இளமையில் தம்மை ஊக்குவித்த கெய்லினின் பெயரை மிட்செல் தமது நோபல் உரையின் தலைப்பிலேயே இடம்பெறச் செய்தார்.